ஆறு மணிப் புகை

2024

ஆகஸ்ட் 6

ஆலப்பாக்கம் தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. அடுத்த வண்டியில் நின்றுகொண்டே சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. கோபத்தோடுதான் லேபுக்குள் நுழைந்தேன். திரையைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

96.4.

மூன்று முறை சரிபார்த்தேன். அதே எண். சடையப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஜான்சி, ஏழு வருஷம்மா," என்றார். கேன்டீனிலிருந்து கேசரி வரவழைத்து, லேபில் இருந்த எல்லோருக்கும் தன் கையால் கொடுத்தார். எனக்கு நெறியாளராக இருந்து இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தேன்கூடு மாதிரி துளைகள் கொண்ட ஒரு பீங்கான் கல். துளைகளின் உட்சுவரில் மாங்கனீசும் செம்பும் கலந்த பூச்சு. அந்தப் பூச்சுதான் வினையூக்கி. புகை அதன் வழியே போகும்போது, உலையில் எரியாமல் தப்பித்த நஞ்செல்லாம் அங்கே எரிந்து கரியமில வாயுவும் நீராவியுமாகிவிட வேண்டும். நூறு பங்கில் தொண்ணூற்றாறு பங்கு எரிந்துவிட்டது.

ஆனால் இது சிலிண்டரில் நானே கலந்து கொடுத்த புகை. நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் புகை.

ஆகஸ்ட் 9

"அப்ப முடிஞ்சிதா?" என்று எழிலன் கேட்டார். இட்லி தட்டை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார், பாவம். கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்விதான்.

இன்னும் ஒரே ஒரு சோதனை, என்றேன்.

ஆகஸ்ட் 14

அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் பொன்னுரங்கம் அண்ணனின் முந்திரிக் கொட்டகை. டிரம்மில் கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிறார்கள். அடுப்புக்கு விறகு, உடைத்துப் போட்ட முந்திரி ஓடே. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அந்த எண்ணெய்தான் எரிந்து கறுப்புப் புகையாக வருகிறது. இருபத்திரண்டு பெண்கள் அதற்குள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

புகைபோக்கியின் பாதி உயரத்தில் இரும்புப் பெட்டி வைத்து, அதில் என் கல்லைப் பொருத்தினோம். அடுப்பில் ஓடு தள்ளுகிற கொளஞ்சியக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருக்கிறது. கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இந்தத் துளையில பூந்து போனா புகை சுத்தமாயிடுமா?"

"ஆயிடும்க்கா."

"நீ சொல்ற. புகை கேக்கணுமே."

முதல் இரண்டு மணி நேரம் கேட்டது! புகைபோக்கியின் வாயில் வெறும் வெயில் நடுக்கம்தான் தெரிந்தது. பொன்னுரங்கம் அண்ணன் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆகஸ்ட் 16

பதினோரு மணி நேரம். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

இன்று பெட்டியைத் திறந்தால் துளை ஒன்றுகூடத் தெரியவில்லை. தார் ஊற்றி அடைத்த மாதிரி இருக்கிறது. கல்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 20

சாரிடம் கல்லைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "மொத ரெண்டு மணி நேரம் நல்லா ஓடிச்சில்ல? அந்த டேட்டாவ மட்டும் எடுத்துக்க," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது.

சென்னைக் கம்பெனி ஒன்று அவரிடம் பேசியிருக்கிறது. பண்ருட்டியைச் சுற்றி நூற்று நாற்பது கொட்டகைகளுக்கு இந்தக் கல்லைப் பொருத்தித் தருவார்களாம். 'கள நிலையில் தொண்ணூற்றாறு விழுக்காடு' என்று நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட கடிதம் போதுமாம். அதைக் காட்டினால் கொட்டகைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும்.

"கல்லு மறுநாளே அடைச்சிக்கும் சார்."

"அடுத்த மாடல்ல சரி பண்ணிக்கலாம். மொதல்ல வெளிய போகட்டும்மா. முப்பது வருஷமா பேப்பர் எழுதறேன். ஒண்ணுகூட இந்த லேப் கதவத் தாண்டல. எனக்கு அடுத்த ஜூன் வரைக்கும்தான் சர்வீஸ்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 27

கம்பெனி ஆள் வந்திருந்தார். கடிதத்தை நீட்டி, பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார். எவ்வளவு மரியாதை!

நான் வாங்கவில்லை. "இந்தக் கல்லு பதினோரு மணி நேரம்தான் ஓடும்னு இதுல எழுதுங்க, போடறேன்," என்றேன். அவர் சாரைப் பார்த்தார். சார் ஜன்னலைப் பார்த்தார்.

"மேடம், ஆராய்ச்சி வேற, பிசினஸ் வேற."

"புகை ஒண்ணுதான் சார்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 28

எழிலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம், மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே.

நாலாவது சுற்றில், "அவர் ஃபார்வர்டு பண்ணலன்னா உன் தீசிஸ் அவ்ளோதானே?" என்றார்.

"ஆமா."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

"சரி வா, காபி குடிக்கலாம்." அப்புறம் கொஞ்ச தூரம் போய், "எனக்குப் பயமா இருக்குது ஜான்சி. அதையும் சொல்லிடறேன்," என்றார்.

எனக்கு மட்டும் பயம் இல்லையா?

செப்டம்பர் 3

லேப் பட்டியலில் என் பெயர் இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்படி அலுவலகத்திலிருந்து தாள். காரணம்: 'ஆய்வுப்பணி நிறைவுற்றது.'

நிறைவுற்றதா? யாருக்கு நிறைவு? அந்தத் தாளை நாலாக மடித்து இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வரட்டும்.

செப்டம்பர் 5

மஞ்சக்குப்பத்திலிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதினோரு மணி நேரக் கணக்கையும் சேர்த்து. வாங்கிக்கொண்ட பொறியாளர் சௌந்தரம் மேடம், "உங்க கண்டுபிடிப்ப நீங்களே வேலை செய்யலன்னு எழுதித் தர்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆமாம் மேடம். நானேதான்.

செப்டம்பர் 12

அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

பொன்னுரங்கம் அண்ணன் போன். கத்துகிறார். அவருக்கு ஏற்கனவே புகைக்காக நோட்டீஸ் வந்திருக்கிறதாம். நவம்பர் முடிவுக்குள் சரிசெய்யாவிட்டால் கொட்டகையை மூட வேண்டும். கம்பெனிக் கல்லை நம்பித்தான் இருந்திருக்கிறார். "ஒரு கையெழுத்து மேடம்! நீங்க படிச்சவங்க, எங்கனா போய் வேல பாப்பீங்கோ. நாங்க எங்க போறது?"

நேரில் போனேன். பெண்கள் யாரும் முகம் கொடுக்கவில்லை. கொளஞ்சியக்கா மட்டும் எழுந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றது.

"கொட்டகைய மூடிட்டா நீயா எங்களுக்குச் சோறு போடுவ?"

"அக்கா, அந்தக் கல்லு வேலை செய்யாது. புகை அப்படியேதான் இருக்கும்."

"இப்ப மட்டும் என்னா, சாம்பிராணியா வருது? இருந்துட்டுப் போவட்டும். பழகிப் போச்சி."

"இப்ப கண்ணு எரிஞ்சா அலுவலகத்துல போய்ச் சொல்லலாம். சுத்தமாயிடுச்சின்னு சர்டிபிகேட் மாட்டிட்டா யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க?"

அக்கா இருமியது. முந்தானையில் துப்பி மடித்துக்கொண்டது. நான் என்ன பேசுகிறேன் என்று யோசிக்காமலே பேசிவிட்டேன்: "நவம்பர் வரைக்கும் டைம் இருக்குதில்ல? நான் அந்தக் கல்ல வேலை செய்ய வெக்கறேன்."

"லேபே இல்லன்னாங்க உனக்கு?"

"இதோ இருக்குதே," என்று அடுப்பைக் காட்டினேன்.

வாய்க்கொழுப்பு.

செப்டம்பர் 13

எப்படி? கருவி இல்லை. சூளை இல்லை. ஆள் இல்லை.

செப்டம்பர் 18

இருக்கிறது. பண்ருட்டியில் வண்டிகளுக்குப் புகை சோதிக்கும் கடைக்காரரிடம் கெஞ்சினேன். காரின் பின்னால் குழாயைச் செருகிப் பார்க்கும் அதே பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளிலும், மற்ற நாளில் கடையில் வண்டி இல்லாத நேரத்திலும் எடுத்துப் போகலாம் என்றார். குழாயில் பஞ்சு அடைத்துத் தாரைத் தடுக்க வேண்டும். கல்லுக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. போதும்.

விருத்தாசலத்தில் எனக்குத் துளைக் கல் செய்து தந்துகொண்டிருந்த பீங்கான்காரர்கள் பொம்மைச் சூளையில் இடம் தருகிறார்கள். சூடு ஐந்நூறு டிகிரிக்கு இறங்கியதும் என் கற்களை உள்ளே வைத்தோம். பிள்ளையார்களுக்கும் உண்டியல் பூனைகளுக்கும் நடுவில் என் வினையூக்கி! சடையப்பன் சார் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்.

செப்டம்பர் 24

புதுக் கல். பதின்மூன்று மணி நேரம். மறுபடி அடைப்பு.

செப்டம்பர் 29

அடைப்பு.

அக்டோபர் 2

லீவு நாள். கொட்டகையில் யாரும் இல்லை என்று நினைத்தேன். கொளஞ்சியக்கா ஓட்டைக் காயவைத்துக்கொண்டிருந்தது. செத்த கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த என் எதிரே வந்து குந்தியது.

"நீ எத்தினி மணிக்கு வர்ற?"

"ஒம்போது, பத்து ஆவுது. பஸ் அப்பதான்க்கா."

"அதாங்காட்டியும். நாங்க ஆறு மணிக்கே பத்த வெச்சிடறோம். அந்த மொத அர மணி நேரம் இருக்குதே, அதுதான் எமன். எதிர்ல நிக்கறவ மூஞ்சி தெரியாது. நீ வர்றப்ப அடுப்பு சூடேறி புகை அடங்கிடுது. அதத்தான் நீ அளந்துகினு போற."

சுரண்டுவதை நிறுத்திவிட்டேன்.

கல் முந்நூறு டிகிரி சூடானால்தான் பூச்சு வேலை செய்யும். இது நான் ஜூனியர்களுக்குப் பாடம் நடத்திய விஷயம்! காலையில் கல் சில்லென்று கிடக்கும்போது மொத்தப் புகையும் அதில் மோதியிருக்கிறது. தார் அங்கேயே உறைந்திருக்கிறது. பத்து மணிக்கு வந்து அளந்தவள் நான். நல்ல இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள் என்று சார் சொன்னதற்காகச் சண்டை போட்டேனே, நானும் தெரியாமலே நல்ல நேரத்தை மட்டும்தானே எடுத்திருக்கிறேன்?

வெட்கமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. "என்னாடி சிரிக்கிற?" என்றது அக்கா. முதல் முறையாக 'டி'.

அக்டோபர் 4

எழிலன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். ஆறு மணிப் புகையை முதல் முறை பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது, ஒன்றுமே தெரியவில்லை. வெளியே ஓடிவந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எழிலன் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். உள்ளே பெண்கள் பேசிக்கொண்டே வேலை செய்யும் சத்தம் கேட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும்போது எழிலன் சொன்னார்: "இனிமே எதுக்கும் அந்தக் கையெழுத்து போடாத."

அக்டோபர் 11

மூன்று மாற்றம். கல்லைப் புகைபோக்கியின் பாதியிலிருந்து அடுப்புக்கு அருகே இறக்கினோம், சூடு சீக்கிரம் ஏற. கல்லுக்கு முன்னால் உடைந்த செங்கல் நிரப்பிய ஒரு தட்டு, சாம்பலைப் பிடிக்க. முக்கியமானது இது: முதல் இருபது நிமிஷம் ஓடு போடவே கூடாது. காய்ந்த சவுக்குக் கட்டை மட்டும். சூட்டுமானி முந்நூறு காட்டிய பிறகுதான் ஓடு.

பொன்னுரங்கம் அண்ணன் சவுக்குக் கட்டைக்கு முனகினார். "ஒரு கை கட்டதான், குடு," என்றது கொளஞ்சியக்கா. முதலாளியை அது அதட்டி நான் பார்த்தது இன்றுதான்.

அக்டோபர் 12

ஓடுகிறது.

அக்டோபர் 19

எழுபது மணி நேரம். ஓடுகிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 23

கம்பெனி ஆள் கொட்டகைக்கே வந்துவிட்டார். எப்படித் தெரிந்ததோ. இப்போது வேறு பாட்டு: "இந்த மாடலையே எடுத்துக்கறோம் மேடம். சவுக்குக் கட்டை, ஆறு மணி, இதெல்லாம் கடிதத்துல வேணாம். கேக்கறதுக்கு சிம்பிளா இருக்கணும்."

"அது இல்லன்னா கல்லு அடைச்சிக்கும்."

"அது கஸ்டமர் பாத்துக்குவாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியக்கா அடுப்புக்கோலோடு வந்தது. "யோவ், அந்தக் கஸ்டமரு நாங்கதான்யா. நாங்க பாத்துகினுதான் கீறோம். நீ கெளம்பு."

கிளம்பினார். சட்டையில் கரி.

நவம்பர் 7

இருபத்தேழாவது நாள். முதல் நாள் எண்பத்தொன்று இருந்தது. இன்று அறுபத்தெட்டு. கீழே இறங்குகிறது. சாம்பலில் இருக்கும் உப்பு பூச்சைத் தின்கிறது என்று நினைக்கிறேன். கல்லை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவிச் சுட வேண்டியிருக்கும்.

தொண்ணூற்றாறு இல்லை. தொண்ணூற்றாறு என்றைக்கும் வராது. வராவிட்டால் போகிறது. இது நிஜப் புகையின் எண்.

நவம்பர் 21

அலுவலகத்தில் கூட்டம். மேசையின் ஒரு பக்கம் கம்பெனியும் சடையப்பன் சாரும். மறுபக்கம் நான், பொன்னுரங்கம் அண்ணன், கொளஞ்சியக்கா. அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது.

கம்பெனி 96 காட்டியது, வண்ணப் படங்களோடு. நான் ஒரே ஒரு கோடு போட்ட வரைபடம் காட்டினேன்: எண்பத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டுக்கு இறங்கும் கோடு.

"உங்க எண் கம்மியா இருக்கே?" என்றார் மேசையில் இருந்த ஒருவர்.

"கம்மிதான் சார். ஆனா ஏதாவது ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு வாங்க, சொல்லாம வாங்க. இந்த எண் அங்க இருக்கும். அவங்க எண்ணும் இருக்குதான்னு அவங்கள கேளுங்க."

சௌந்தரம் மேடம் கம்பெனி ஆளிடம் அப்படியே கேட்டார். அவர் பக்கம் புரட்டினார். மேடம் சார் பக்கம் திரும்பினார். "டாக்டர், நீங்க சொல்லுங்க. கள சோதனை எத்தனை மணி நேரம் நடந்தது?"

சார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பதினோரு மணி நேரம். அதுக்கப்புறம் அடைச்சிடுச்சி," என்றார். என் பக்கம் திரும்பவில்லை. கூட்டம் முடிந்ததும் யாரோடும் பேசாமல் படி இறங்கிப் போனார். கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

முடிவு: கம்பெனியின் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. பொன்னுரங்கம் அண்ணனுக்கு ஆறு மாத அவகாசம், மாதாமாதம் அளவு எடுக்கும் நிபந்தனையோடு. வெளியே வந்ததும் அவர் ஏழு பேருக்கு போன் போட்டார்.

டிசம்பர் 3

புயல். வெள்ளம். மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. கொட்டகைக் கூரை போய்விட்டதாம். கல் பத்திரம் என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். இதைக் கேட்டு அழுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

2025

பிப்ரவரி 10

எங்கள் துறையின் தமிழ்ச்செல்வி மேடம் எனக்கு நெறியாளராக இருக்கச் சம்மதித்துவிட்டார். மாற்றத்துக்கான தாளில் பழைய நெறியாளர் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுத வேண்டும். நான் போய்க் கேட்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பார்த்தால், கேட்காமலே எழுதி அனுப்பியிருக்கிறார்.

ஏப்ரல் 28

ஐந்தாம் அத்தியாயம் எழுதி முடித்தேன். அடைத்துப்போன கற்கள் எல்லாவற்றின் படமும், மணியும், காரணமும். நானே பத்து மணிக்கு வந்து அளந்த தவறும். "இவ்வளவு வேணுமா?" என்றார் தமிழ்ச்செல்வி மேடம். வேணும் என்றேன். நன்றியுரையில் முதல் பெயர் கொளஞ்சி.

ஜூன் 30

சார் இன்று ஓய்வு பெற்றார். நான் போகவில்லை. நாள் முழுக்க அதே நினைப்பு.

செப்டம்பர் 17

வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியூர்த் தேர்வாளர் ஐந்தாம் அத்தியாயத்தில் மட்டும் நாற்பது நிமிஷம் கேள்வி கேட்டார். கடைசி வரிசையில் எழிலன் எனக்கு முன்னாலேயே கைதட்ட ஆரம்பித்து, யாரும் சேர்ந்துகொள்ளாமல் நிறுத்தினார்.

நவம்பர் 12

நாலாவது கொட்டகையில் இன்று முதல் நாள். பெண்களுக்கு அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொடுப்பது இப்போது கொளஞ்சியக்காவின் வேலை. சம்பளமும் தனி. நான் குழாயும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. சடையப்பன் சார். மஃப்ளர் சுற்றிக்கொண்டு, முன்னைவிட மெலிந்து. சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்திருக்க வேண்டும்.

"உன் தீசிஸ லைப்ரரில படிச்சேன்," என்றார். வேறு ஏதோ சொல்ல வந்து, "ஆறு மணிக்கு வந்தாதான் தெரியும்னு போட்டிருந்த," என்று முடித்தார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக வேறு வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். "ஓரமா நில்லுங்க சார், புகை அடிக்கும்," என்றேன்.

அக்காவுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தது. பிறகு அடுப்பு வாயில் குந்தியபடியே கையைப் பின்னால் நீட்டியது.

"சும்மா நிக்காத சார். அந்தச் சவுக்குக் கட்டைய ஒவ்வொண்ணா எடுத்துக் குடு."

கொடுத்தார்.

முந்நூறு தொட இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. எழுபத்தொன்பது விழுக்காடு.